அமாவாசைக்கு மட்டும் சிம்பொனி

ஆந்திர எல்லையோரத்து நகரியில் எங்கள் தெருவில் அமாவாசையன்று யாரும் தறி ஓட்ட மாட்டார்கள். மற்ற நாட்களில் விடியும் முன்பே மோட்டார்கள் கிளம்பிவிடும். எங்கள் வீட்டில் கீழே ஷெட், அதில் என் கணவரின் பவர்லூம்கள். மேலே நாங்கள் குடியிருக்கிறோம். தறி ஓடும்போது மாடியில் மேஜைமேல் வைத்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு தெரியும். அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஒலி அலைகள் பாடம் வரும்போது அந்த டம்ளரைத்தான் உதாரணம் சொல்வேன். பிள்ளைகள் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள் என்பதால் உடனே புரிந்துவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு நான் மேற்கத்திய சிம்பொனி, பியானோ ஒலிப்பதிவுகளைச் சேர்த்தேன். கரண்ட் இருந்தால் தறி ஓடும், பாட்டுக் கேட்க முடியாது. கரண்ட் போனால் தறி நிற்கும், பிளேயரும் நிற்கும். கரண்ட்டும் அமைதியும் கூடி வருவது அமாவாசை சாயங்காலம் மட்டும்தான். பள்ளி முடிந்து வந்து, காபி போட்டுக் குடித்துவிட்டு, அந்த மாதத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கும் ஒன்றைப் போடுவேன். பெரும்பாலும் ஒரு சிம்பொனி, நேரம் மீந்தால் கொஞ்சம் பியானோ. என் மகள் சின்ன வயதில் இதற்கெல்லாம் பொதுப் பெயராக ‘அமாவாசைப் பாட்டு’ என்றுதான் சொல்வாள்.

இந்தப் பழக்கம் ஒரு கடைக்காரரின் கவனக்குறைவால் வந்தது. திருப்பதியில் விடுதியில் தங்கிப் படித்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வீணைக் கச்சேரி கேசட் வாங்கினேன். அட்டையில் வீணை, உள்ளே யாரோ பியானோ வாசித்திருந்தார்கள். மாற்றிக்கொள்ள மறுநாள் போனேன். கடைக்காரர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுவும் கம்பிதானம்மா, உள்ள சுத்தியால அடிக்கிறாங்க, அவ்ளோதான்” என்றார். அவர் வேறு கேசட் தேடி எடுப்பதற்குள், இதையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் சரியாக விளக்கத் தெரியாது. இரண்டாம் பக்கத்தில் மெதுவாகப் போகும் ஒரு பகுதி இருந்தது. முந்தின நாள் கேட்டதில் அது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

பிறகு கேசட்டுகள், சி.டி.கள், சென்னையிலிருந்து வரும் பழைய இசைத்தட்டுகள் என்று சேர்ந்தன. ஒருமுறை திருப்பதி மாட வீதிக்கு அருகே ஒரு வீட்டில், கோயில் கைங்கரியம் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், அமெரிக்காவுக்குப் போய்விட்ட மகனின் சி.டி. பெட்டிகளைக் கழிக்கப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். “மொத்தமா எடுத்துண்டு போயிடும்மா. ஒண்ணுலயாவது வாயைத் திறந்து ஒருத்தன் பாடறானான்னு பாத்தேன். இல்லை” என்றார். அந்தப் பெட்டிகளில் பாதி மிகப் பழைய ஒலிப்பதிவுகள். மோனோ. அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. வலம் இடம் என்ற வித்தியாசம் கிடையாது. பின்னால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வேறு. எனக்கு அவை பிடிக்கவில்லை. வயலின்கள் இடப்பக்கம், செல்லோக்கள் வலப்பக்கம் என்று அறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. மோனோ எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

மகள் திருப்பதியில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அமாவாசை சாயங்காலங்களில் நான் தனியாகக் கேட்டேன். கணவர் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்திருப்பார். எழுந்து வந்து வாசற்படியில் நின்று, “இன்னாம்மே, முடிஞ்சிச்சா, இன்னும் சண்டை போட்டுக்கினு கீறாங்களா?” என்பார். சிம்பொனி என்றால் அவருக்கு ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் சொத்துக்குச் சண்டை போட்டு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காருவது. அதிகத் தப்பில்லை.

தறி வேலை செய்பவர்கள் பலருக்கும் போல அவருக்கும் காது மந்தம். கீச்சென்ற ஒலிகள் எதுவும் கேட்காது. தறி ஓடும்போது எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை. எதிரே வந்து நின்று, தோளைத் தட்டி, கையால் சொல்வார்கள். விரலைச் சுற்றினால் நூல் அறுந்துவிட்டது. கையை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. கட்டைவிரல் மேலே போனால் மாடியில் கூப்பிடுகிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. மகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள் மத்தியான இடைவேளையில் மகள் போன் செய்தாள்.

“அம்மா, இன்னான்னு கேட்டு உடனே பயந்துடாத.”

இப்படி ஆரம்பித்தால் நான் பயப்படாமல் என்ன செய்வேன்?

“லெப்ட் காது அடைச்சிக்கினு கீது. தண்ணி பூந்துச்சின்னு நெனச்சேன். போகவே மாட்டேங்குது.”

“எப்போலேர்ந்து?”

“வெள்ளிக்கிழமை தூங்கி எழுந்தப்பலேர்ந்து. எக்ஸாம் இருந்துச்சிம்மா. நீ பஸ் ஏறி வந்துடுவேன்னு சொல்லல.”

அன்று புதன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். புத்தூர் தாண்டும் வரை காதில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொட்டு மருந்து கொடுப்பார்கள், மாலையில் அவளுக்குப் பிடித்த இடத்தில் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். பாதி வழியில், அடைப்பு என்றால் வலிக்குமே, அவள் வலி என்று சொல்லவே இல்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் பார்க்கவும் முடியவில்லை.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். உள்ளே பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிறகு கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிப் பரிசோதனை செய்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று மகளின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு விரல் அழுத்தி அழுத்தி எடுத்தது. இடது காதுக்கு மாற்றியதும் விரல் அசையவே இல்லை. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று புருவத்தால் கேட்டாள். ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

வரைபடத்தை என் கையில் கொடுத்தபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கோடு மேலே ஒழுங்காகப் போனது. மற்றது தாளின் அடியில் கிடந்தது.

“எந்துக்கம்மா வெண்டனே ராலேது?” என்று மருத்துவர் மகளைக் கேட்டார். ஏன் உடனே வரவில்லை என்பது. அவள் என்னைப் பார்த்தாள். நான் மருத்துவரைப் பார்த்து, “இயர்போன்ல பாட்டுக் கேட்டதாலயா மேடம்?” என்று கேட்டேன். அப்போது என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். விடுதிக்குப் போகும்போது என் சேகரிப்பில் பாதியைக் கணினியில் ஏற்றி, அவள் போனுக்கு மாற்றிக் கொடுத்தது நான்.

“காதம்மா, தானிகி சம்பந்தம் லேது” என்றார். இல்லையம்மா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது. இப்படித் திடீரென்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்று சொல்லி, மாத்திரையும் காதுக்குள் போடும் ஊசியும் எழுதினார். சிலருக்குத் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. அதுவரை வீட்டில் இருக்கட்டும், பெரிய சத்தம் மட்டும் வேண்டாம் என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாராயணவனத்தில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிடலாமா என்று வரும் வழியில் யோசித்தேன். அங்கே தறி இல்லை. ஆனால் என் கண்ணெதிரில் இல்லாமல் எப்படி? பஸ்ஸிலிருந்து போனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ. “சரி, வா” என்று மட்டும் சொன்னார்.

தெருமுனையில் இறங்கி நடந்தபோது மற்ற வீடுகளின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஷெட் மட்டும் சும்மா கிடந்தது. கணவர் வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மகளின் பையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். அதற்குப் பிறகு தறி ஓடவில்லை. பாதி நெய்த பாவு நூல் தறியிலேயே நின்றது. பக்கத்து இரண்டு வீடுகளின் தறிகள் எங்கள் மாடி வரை அவ்வளவாகக் கேட்காது என்பதை நான் அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

அமாவாசை இல்லாத நாளில் ஒரு வீட்டில் தறி நின்றால் எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இரண்டாம் நாள் காலை எதிர்வீட்டுப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறி வந்தாள்.

“இன்னா அண்ணி, தறி நின்னு கீதே? ஊர்ல யாருனா பெரியவங்க...?”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

“என் லெப்ட் காது போயிடுச்சி அத்தே. பதினாறாம் நாள் காரியம், சோறு துன்ன வந்துடுங்க.”

வந்தவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு உண்மையாகவே அழுதாள். அவளுக்கு மகள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. “இந்தத் தெருவுல யாருக்கு அத்தே ரெண்டு காது கீது? எங்க நைனாவுக்கு ரெண்டும் சேத்தாதான் ஒண்ணு.”

பகலெல்லாம் வீடு அமைதியாக இருந்தது. கரண்ட்டும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். அலமாரி நிறைய ஒலிப்பதிவுகள், நினைத்த நேரத்தில் போடலாம். ஒன்றைக்கூட என்னால் போட முடியவில்லை. பள்ளியிலிருந்து வந்து அலமாரி எதிரே உட்கார்ந்திருப்பேன். ஒரு இசைத்தட்டை எடுப்பேன், துடைப்பேன், உள்ளே வைப்பேன். மகள் காதில் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று இரண்டையும் நினைத்துப் பயந்தேன். அவள் பெயரைச் சொல்லிச் சமையலறையிலிருந்து கூப்பிட்டால், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு காதால் கேட்பவர்களுக்குச் சத்தம் வரும் திசை தெரியாது. பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹெட்போன் மாட்டியிருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. மடியில், அவளுடைய சிறுவயதிலிருந்து நான் போட்டுக்காட்டிய சிம்பொனியின் சி.டி. அட்டை. கொஞ்ச நேரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி, வலம் இடம் மாற்றி மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டாள். பிறகு நிறுத்திவிட்டு, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“எப்படிடி இருந்துச்சி?” என்று எதிரே போய் நின்று கேட்டேன்.

“பாதி ஆளுங்க லீவு. ஒரு பக்கம் மாட்டுனா செல்லோதான் வருது, வயலின்காரங்க எங்கியோ அடுத்த தெருவுல கீறாங்க. மாத்தி மாட்டுனா வயலின் கீது, செல்லோ இல்ல.”

ஒரு காதில் ஒரு பக்கம்தானே கேட்கும். இவ்வளவு சாதாரண விஷயம் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்று மாலையே கட்டிலுக்கு அடியிலிருந்து திருப்பதிப் பெரியவர் வீட்டுப் பெட்டிகளை இழுத்தேன். மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி. ஒரு காது போதும், ஒன்றும் குறையாது. ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் படித்து மோனோவைத் தனியாகப் பிரித்தேன். அலமாரியில் கைக்கெட்டும் தட்டை அவற்றுக்கு ஒதுக்கி, எனக்குப் பிடித்தவற்றையெல்லாம் மேலே ஏற்றினேன். நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். சில நாட்கள் இந்த வேலை ஓடியது. அந்த மாதத்தில் நான் நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி அட்டையையும் வைத்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது, மகள் போனை நீட்டினாள்.

“அம்மா, போன்ல செட்டிங்ஸ் போயி இதைத் தட்டுனா எல்லாப் பாட்டும் மோனோ ஆயிடும். இங்க பாரு.”

ஒரு சின்ன வட்டம். விரலால் தள்ளினாள், நிறம் மாறியது.

“எப்போ கண்டுபிடிச்ச?”

“செவ்வாய்க்கிழமை.”

“இன்னாத்துக்குச் சொல்லல?”

“நீ அழாம கீறியேன்னு உட்டுட்டேன்.”

கணவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அந்த மாதம் நான் கேட்கவில்லை. “அறிவியல் டீச்சரம்மா!” என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நானும் சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன், அவள் பயந்தபடியே.

மாதம் முடிந்து மூவரும் திருப்பதி போனோம். கண்ணாடி அறை, ஹெட்போன், பட்டன். இம்முறை இடது காதுக்கு விரல் ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை. நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அசையவில்லை. தடித்த, தாழ்ந்த ஒலி கொஞ்சம் உள்ளே போகிறது, அதுவும் இரைச்சலாக. பேச்சுப் புரியும் அளவுக்கு இல்லை. இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். காதுக்கருவிகளைப் பற்றிப் பிறகு பேசலாம், வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும், ஷெட்டுக்குள் போனால் காதை அடைத்துக்கொள்ளட்டும், மற்றபடி படிப்பு எல்லாம் வழக்கம்போல் என்றார். மகள் மூன்று கேள்விகள் கேட்டாள், மூன்றும் வண்டி ஓட்டுவதைப் பற்றி.

வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது நான் தன்னிச்சையாக அவளுடைய இடப்பக்கம் போய்விட்டேன். இன்றும் அவளோடு நடந்தால் அந்தப் பக்கம்தான். அவளுக்குப் பிடிக்கவில்லை. “அந்தச் சைடுல பேசுனா எனக்குக் கேக்காதும்மா, நீ பஸ்ஸுக்குக் காவலா, எனக்குத் துணையா?” என்பாள். நான் பதில் சொல்வதில்லை, சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. காலையில் எழுந்ததும் என் இரண்டு காதுகளின் பக்கத்திலும் விரலைத் தேய்த்துப் பார்க்கிறேன். பிறகு அவளுக்குப் போன் செய்து வலது காதைப் பற்றிக் கேட்கிறேன். “இன்னும் கீதும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் ஷெட் வாசலில் நின்றாள். கணவரைப் பார்த்துக் கையால் கைப்பிடியைத் தள்ளுவதுபோல் காட்டினாள். ஓட்டு என்று அர்த்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடியும் அதே சைகையைக் காட்டினாள். மாடிக்கு நான் போவதற்குள் டம்ளர் தண்ணீரில் வளையங்கள் வந்துவிட்டன.

அவள் கல்லூரிக்குத் திரும்பிய பின் வந்த முதல் அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்திருந்தாள். தறி இல்லை. காபி குடித்துவிட்டு, கைக்கெட்டும் தட்டிலிருந்து ஒரு மோனோவை எடுத்தேன்.

“அது வேணாம். அப்பளம் பொரிக்கறது கேக்குது” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து அந்தப் பழைய சிம்பொனியை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்பீக்கர் என்றால் ஒரு காதுக்கே எல்லா வாத்தியமும் கேட்கும். எது எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. வலது காதை முன்னால் நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போனதும் என் முழங்காலைத் தட்டி, உள்ளங்கையை மேலே விரித்து இப்படியும் அப்படியும் அசைத்தாள். எங்கே?

நான் இடப்பக்கம் காட்டினேன். வயலின். செல்லோக்கள் தொடங்கியபோது வலப்பக்கம். நடுவில் ஒரு புல்லாங்குழல் வந்தது, நேரே எதிரே கை நீட்டினேன். இத்தனை வருஷம் கேட்டும் நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்த இடங்களில் தெரியாது என்று கையை விரித்தேன். அவள் தலையாட்டிக்கொண்டு, நான் காட்டும் பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பினாள்.

கணவர் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். சிம்பொனி உச்சத்தில் இருந்தது, அவருக்கும் கேட்டிருக்கும்.

“இன்னா இது, தறியே ஓடல, ரெண்டு பேரும் கை ஆட்டிக்கினு கீறீங்க?”

மகள் திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தாள். அவர் தரையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். நான் மறுபடியும் வலப்பக்கம் கையைக் காட்டினேன்.